பேசும் பேச்சுக்கு எத்தனை இறை?

(காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

பகலெல்லாம் தறிக்குழியில் அமர்ந்து உழைத்துவிட்டு, இவ்விரவு வேளையிலும் செவிகொடுக்க வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே!

தொலைத்தொடர்பு நிறுவனங்கள்மேல் அடுக்கடுக்காக விதிக்கப்பெறும் வரிகளைப் பற்றி இன்று பேசவிருக்கின்றேன். இதைக் கேட்டவுடன், “பெருமுதலாளிகள் கட்டும் வரிக்கு நாம் ஏன் கண்ணீர் வடிக்கவேண்டும்?” என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்க நான் வரவில்லை. அவர்கள் பெயரால் எழுதப்பெற்று, உங்கள் மடியிலிருந்து எடுக்கப்பெறும் பணத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கின்றேன்.

இறை என்பது நமக்குப் புதியதன்று. பல்லவர் செப்பேடுகளில் ‘தறிக்கூறை’ என்றும், சோழர் கல்வெட்டுகளில் ‘தறியிறை’ என்றும் நெசவின்மேல் விதித்த இறைகள் குறிக்கப்பெற்றுள்ளன. அரசு என்று ஒன்று இருந்தால் இறை என்று ஒன்று இருக்கும். ஆனால், எதன்மேல் விதிக்கிறார்கள், எத்தனை முறை விதிக்கிறார்கள், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. தறிக்கு எத்தனை இறை என்று உங்கள் முன்னோர்க்குத் தெரியும். கைப்பேசிக்கு எத்தனை இறை என்று உங்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கைப்பேசி இன்று செல்வர் வீட்டு அணிகலன் அன்று. நெய்த புடவையின் படத்தைக் கடைக்காரருக்குக் காட்டுவதும், பட்டுநூல் விலையைக் கேட்டறிவதும், வங்கியில் கூலி வந்ததா என்று பார்ப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், முதியோர் உதவித்தொகைக்கு அடையாளம் காட்டுவதும் இதன்வழியேதான். அது ஓடத்தைப் போல், நாழியைப் போல் ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. இக்கருவியைச் சுற்றியிருக்கும் இறைகளை ஒவ்வொன்றாக எண்ணுவோம்.

முதலாவது, உரிமக் கட்டணம். வெள்ளையர் ஆட்சி 1885ஆம் ஆண்டில் இயற்றிய தந்திச் சட்டம், தொலைத்தொடர்பு நடத்தும் தனியுரிமையை அரசுக்கே கொடுத்தது. பிறர் நடத்தவேண்டுமானால் உரிமம் பெறவேண்டும். அதற்குப் பணம் கட்டவேண்டும். 1994ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின் தனியார் நுழைந்தபோது, ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஒரு பெருந்தொகையைக் கட்ட ஒப்பி உரிமம் பெற்றனர், கட்டமுடியாமல் திணறினர். 1999ஆம் ஆண்டுப் புதிய கொள்கை அதை மாற்றி, வருவாயில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றது. அப்பங்கு படிப்படியாகக் குறைந்து, 2013 முதல் நாடு முழுதும் நூற்றுக்கு 8 என்றாயிற்று.

இரண்டாவது இறை, அந்த எட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எட்டில் ஐந்து பங்கு, தொலைத்தொடர்பு எட்டாத சிற்றூர்களுக்கு அதைக் கொண்டுசேர்ப்பதற்கென்று 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பொதுவைப்புக்குரியது. இப்போது அதற்கு ‘டிசிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். பணம் தமிழன் கையிலிருந்தும் போகிறது. பெயரில் மட்டும் தமிழுக்கு இடமில்லை.

மூன்றாவது, அலைக்கற்றை ஏல விலை. 2010ஆம் ஆண்டில் மூன்றாந் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் ஏறத்தாழ 67,700 கோடி உருபாவும், 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 1,50,173 கோடி உருபாவும் கேட்பாயின. நான்காவது, அலைக்கற்றையைப் பயன்படுத்துவதற்கான ஆண்டுக் கட்டணம். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கே மீண்டும் ஆண்டுதோறும் வருவாயில் பங்கு கேட்டனர். 2021 செப்தம்பர் 15க்குப் பின் ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றைக்கு இது நீக்கப்பெற்றது. அவ்வளவில் அது நல்ல செயலே.

ஐந்தாவது, சரக்கு-பணி வரி. பணிகளின்மேல் வரி என்பதை நடுவண் அரசு 1994 சூலைத் திங்களில் முதன்முதலாகக் கொண்டுவந்தபோது, மூன்றே பணிகளை எடுத்துக்கொண்டது. தொலைப்பேசி அவற்றுள் ஒன்று. அன்று நூற்றுக்கு 5. பின்னர் ஏறி ஏறி 15. 2017 சூலை முதல் 18. 2025 செப்தம்பரில் வரிவீதங்களைத் திருத்தியபோது, தனியாள் எடுக்கும் உயிர்க்காப்புறுதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் இவ்வரியை நீக்கினர். தொலைப்பேசிக்கு அவ்விரக்கம் பிறக்கவில்லை. எண்ணிப் பாருங்கள்: நகைக்கடையில் வாங்கும் பொன்னுக்கு நூற்றுக்கு 3, நீங்கள் நெய்யும் பட்டுப்புடவைக்கு 5, பேசும் பேச்சுக்கு 18!

ஆறாவது, கருவியின்மேல் வரி. கைப்பேசிக்கு நூற்றுக்கு 12ஆக இருந்த வரி, 2020 ஏப்பிரல் முதல் 18 ஆயிற்று.

இவற்றை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். 299 உருபா கட்டிக் கைப்பேசிக்கு உயிரூட்டுகிறீர்கள் எனக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 45 உருபா 60 காசு சரக்கு-பணி வரி. எஞ்சிய 253 உருபாவில் நூற்றுக்கு எட்டாகிய உரிமக் கட்டணம் ஏறத்தாழ 20 உருபா. ஆக, 66 உருபா அரசுக்கு. ஏல விலையின் பங்கை இன்னும் கூட்டவில்லை. 28 நாளைக்கு ஒருமுறை என்பதால், ஆண்டுக்குப் பன்னிரண்டு திங்கள் அல்ல, பதின்மூன்று திங்கள்! ஒரு கைப்பேசிக்கு ஆண்டுக்கு 858 உருபா. மூன்று கைப்பேசி உள்ள வீட்டுக்கு 2,574 உருபா. இத்தொகை கட்டணத்துக்குள்ளேயே கரைந்திருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

இனி, இச்சிக்கலின் நடுப்புள்ளிக்கு வருகின்றேன். வரி எவ்வளவு என்பதைக் காட்டிலும், எதன்மேல் என்பது பெரிது. உங்கள் தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

புடவை நெய்ய உரிமம் வேண்டும் என்றும், நெய்து விற்ற விலையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தரவேண்டும் என்றும் அரசு சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டுநூல் விலை, சரிகை விலை, பாவு போட்ட கூலி, கோர்வைக்குத் துணைநின்றவர் கூலி எவையும் கழிக்கப்படா. மிச்சம் கண்டாலும் பங்கு, இழப்பெய்தினாலும் பங்கு. இதற்கும் உடன்பட்டு நீங்கள் கட்டிவருகிறீர்கள். திடுமென ஒருநாள் அரசு வந்து, “உன் வீட்டுத் திண்ணையைக் குடிக்கூலிக்கு விட்டாயே, அந்தத் தொகையிலும் எட்டுப் பங்கு, கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு வந்த வட்டியிலும் எட்டுப் பங்கு, பதினைந்து ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டு, கட்டாமல் இருந்ததற்கு வட்டி கட்டு, தண்டம் கட்டு, தண்டத்துக்கும் வட்டி கட்டு” என்றால் எப்படியிருக்கும்?

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு நேர்ந்தது இதுதான். ‘சரிக்கட்டிய மொத்த வருவாய்’ என்பதற்கு என்ன பொருள் என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. தொலைத்தொடர்பில் வந்த வருவாய் மட்டுமே கணக்கு என்றன நிறுவனங்கள். வட்டி, பங்கூதியம், பிற வருவாய் எல்லாமே கணக்கு என்றது அரசு. 2019 அக்தோபர் 24 அன்று உச்ச நயன்மன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. உரிமக் கட்டண வகையில் அரசு கேட்ட தொகையைக் கேளுங்கள்: மூலத்தொகை ஏறத்தாழ 23,189 கோடி, வட்டி 41,650 கோடி, தண்டம் 10,923 கோடி, தண்டத்துக்கு வட்டி 16,878 கோடி. ஆக, 92,600 கோடிக்கும் மேல்! கட்டவேண்டிய மூலம் ஒரு பங்கு. அதன்மேல் ஏறியது மூன்று பங்கு. கந்துவட்டிக்காரனைச் சட்டம் சிறையில் இடுகிறது. அரசே அவ்வாறு கணக்கெழுதினால் எங்கே முறையிடுவது?

நிறுவனங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் 1999இல் புது முறைக்கு வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சட்டப்படி தீர்ப்பில் குற்றம் காண்பதும் என் நோக்கமன்று. ஆனால் அத்தகைய விதி எவ்வளவு கோணலானது என்பதற்கு அரசின் செயலே சான்று. இயற்கை எரிவளி கொண்டுசெல்லும் ‘கெயில்’ என்னும் அரசுடைமை நிறுவனமும், தன் குழாய்த் தடத்தையொட்டித் தொலைத்தொடர்பு உரிமம் ஒன்று வைத்திருந்தது. அதனிடம் எரிவளி விற்ற வருவாய்க்கும் சேர்த்து 1.7 இலக்கம் கோடி உருபாவுக்கும் மேற்பட்ட தொகையைத் தொலைத்தொடர்புத் துறை கேட்டது! 2020 சூன் திங்களில் உச்ச நயன்மன்றம் கடிந்த பின்னரே, அரசுடைமை நிறுவனங்களிடம் கேட்ட தொகையில் நூற்றுக்கு 96 பங்கைத் திரும்பப் பெறுவதாக அத்துறை சொல்லிற்று. 2021 செப்தம்பரில், தொலைத்தொடர்பு அல்லாத வருவாயை இனிமேல் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அரசே விதியைத் திருத்தியது. பழைய கடன் மட்டும் கடனாகவே நின்றது.

விளைந்தது என்ன? 2010ஆம் ஆண்டளவில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்நாட்டில் கைப்பேசிப் பணி நடத்தின. இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் அரசின் நிறுவனமுமே எஞ்சியுள்ளன. நம் மண்ணில் 1999இல் தொடங்கித் தமிழகத்தில் பெரிதும் பரவியிருந்த ஏர்செல் நிறுவனம், 2018 பிப்பிரவரியில் கடன்தீர்க்க வழியின்றி முறிந்தது. எத்தனையோ வீடுகளில் ஒரே நாளில் கைப்பேசி ஊமையாயிற்று. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் வரிசையில் நின்றனர். அதற்கு வரிகள் மட்டுமே கரணியம் என்று சொன்னால் அது பொய்யாகும். 2016இல் சியோ வந்தபின் மூண்ட விலைப்போர், அளவிறந்த கடன், ஏலத்தில் கொட்டிய பெரும்பணம் எல்லாம் சேர்ந்தே அதை வீழ்த்தின. ஆனால், வருவாய் சுருங்கும் காலத்திலும் மொத்த வருவாயின்மேல் குறையாமல் பங்கு கேட்கும் இறை, நொந்தவனை முதலில் வீழ்த்தும், வலுத்தவனை நிற்கவிடும். போட்டி மடிந்தபின், நிற்கும் சிலர் சொன்னதே விலை.

விலை எப்படி ஏறிற்று? தீர்ப்பு வந்த அதே 2019இன் திசம்பரில் ஒருமுறை. 2021 நவம்பரில் ஒருமுறை. 2024 சூலையில் ஒருமுறை. மும்முறையும் பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் கட்டணத்தை உயர்த்தின. அரசுக்குக் கட்டவேண்டிய கடனைக் காட்டி உயர்த்தினர். மிச்சம் காணத் தொடங்கிய பின்னும் உயர்த்தினர். வோடபோன் ஐடியா நிறுவனமோ கடனைக் கட்டமுடியாமல் பங்குகளாகவே கொடுத்தது. 2023இல் 16,133 கோடி, 2025இல் 36,950 கோடி எனக் கடன் பங்காக மாறி, 2025 ஏப்பிரலில் நடுவண் அரசின் கையில் அந்நிறுவனத்தின் நூற்றுக்கு 48.99 பங்கு வந்து சேர்ந்தது. பாலுக்காக வளர்த்த மாட்டைத் தீனியின்றி நலியவிட்டு, பின்னர் மாட்டையே கட்டியிழுத்துச் செல்வது போன்றதன்றோ இது?

இங்கே ஒரு தடை எழும். “அலைக்கற்றை மக்கள் உடைமை. அதைச் செல்வர் சிலர்க்கு வாரிக்கொடுக்கலாமா?” என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2008இல் வழங்கிய 122 உரிமங்களை 2012 பிப்பிரவரி 2 அன்று உச்ச நயன்மன்றம் நீக்கியதை நாடறியும். பொது உடைமையை வெளிப்படையான முறையில், உரிய விலைக்கே கொடுக்கவேண்டும். அதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஒருமுறை விலை வாங்கியபின், அதே பொருளுக்கு உரிமக் கட்டணம் என்றும், பயன்பாட்டுக் கட்டணம் என்றும், பணி வரி என்றும் வெவ்வேறு பெயரில் மீண்டும் மீண்டும் வாங்குவது விலையாகாது. ஒரே பாவில் நான்கு முறை அறுத்தெடுத்தால் புடவை எப்படி முழுமையாகும்?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. வளரும் நாடுகள் பலவற்றில் நிலம், தொழில் ஆகியவற்றில் வரி தண்டுவது கடினம். கைப்பேசியில் தண்டுவது எளிது. ஒருசில நிறுவனங்களைப் பிடித்தால் கோடிக்கணக்கானோர் காசு வந்துவிடும். உகாண்டா அரசு 2018 சூலையில், வாட்சப்பு, முகநூல் போன்றவற்றைப் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 சில்லிங்கு வரி விதித்தது. சில திங்களிலேயே இணையம் பயன்படுத்துவோர் தொகை குறைந்ததை அந்நாட்டுத் தொடர்பு ஆணையமே கண்டது. 2021இல் அவ்வரியைக் கைவிட்டு, இணையப் பயன்பாட்டின்மேல் நூற்றுக்கு 12 என்று வேறு வரியை ஏற்றினர். கானா நாடு 2022 மே திங்களில் கைப்பேசிவழிப் பணமாற்றத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை வரி போட்டது. எதிர்பார்த்த பணம் வரவில்லை. 2025இல் அடியோடு நீக்கியது. கெனியாவோ 2009இல் கைப்பேசிக் கருவிமேல் இருந்த வரியை நீக்கிப் பார்த்தது. எளியோரும் விரைந்து வாங்கினர். 2013இல் மீண்டும் ஏற்றியது. நம் உறவினர் வாழும் இலங்கையில், தொலைத்தொடர்பின்மேல் இருந்த பல வரிகளை 2011இல் ஒரே இறையாகத் திரட்டினர். நல்ல தொடக்கம்! ஆனால் 2016இல் மதிப்புக்கூட்டு வரியை அதன்மேல் மீண்டும் ஏற்றிவிட்டனர். அடுக்கிய வரியைக் குறைப்பதினும், குறைத்ததைக் குறைத்தபடியே வைத்திருப்பது அரிது என்பதே இவை காட்டும் பாடம்.

இனி, பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். சரக்கு-பணி வரியில் பாதி தமிழ்நாட்டு அரசுக்கு வருகிறது. நடுவண் அரசின் பாதியிலும் ஒரு பகுதி பங்கீட்டில் திரும்புகிறது. ஆனால் உரிமக் கட்டணமும் அலைக்கற்றை ஏலத்தொகையும் ‘வரியல்லாத வருவாய்’ என்னும் பெயரால் முழுவதும் நடுவண் அரசுக்கே. பகிர்ந்து கொடுக்கவேண்டிய தொகுப்பில் அவை சேர்வதேயில்லை. பெயரை மாற்றினால் பங்கு கொடுக்கவேண்டியதில்லை! உங்கள் 66 உருபாவில் இவ்வகையில் போகும் 20 உருபாவில் ஒரு காசும் தமிழகத்துக்கு உரிமையாக வருவதில்லை.

சிற்றூர்களுக்கென்று எடுத்த ஐந்து பங்காவது உரிய இடத்துக்குப் போயிற்றா? அத்தொகை முதலில் நடுவண் அரசின் பொதுக் கருவூலத்துள் சென்று, நாடாளுமன்றம் ஒதுக்கியபின்தான் வெளியே வரும். தண்டியதைவிடக் குறைவாகவே ஒதுக்கிய ஆண்டுகள் பல. ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. குறித்த காலம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பதற்கென ஒரு நிறுவனத்தை 2018இல் அமைத்தும், பணி தொடங்கவே ஆண்டுகள் ஆயின. சிற்றூருக்கென்று சொல்லிச் சிற்றூரானிடமும் வாங்கிய பணம் அது என்பதை மறவாதீர்.

இன்னுமொன்று. ஊரில் நிற்கும் அலைபேசிக் கோபுரத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலச் சட்டத்துக்கு உண்டு என்று 2016 திசம்பரில் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. அது உள்ளாட்சிக்கு வந்து சேரக்கூடிய சிறு வருவாய். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமோ, அத்தகைய கட்டமைப்பை நிலத்தின் பகுதியாகக் கொண்டு உடைமைவரி விதித்தல் கூடாது என்கிறது. அடுக்குவரியைக் குறைக்க வேண்டும் என்பது நம் கொள்கையே. ஆனால் அடுக்கில் எதை உருவினார்கள் பார்த்தீர்களா? நடுவண் அரசின் எட்டுப் பங்கு அப்படியே நிற்கிறது. ஊராட்சியின் கைக்குரிய சில்லறை போயிற்று!

ஆகவே, நாம் கேட்கவேண்டியவை இவை. உரிமக் கட்டணம் என்பது உரிமத்தை மேற்பார்க்கும் செலவுக்குமேல் போகலாகாது. பேச்சின்மேல் வரி ஒன்றே ஒன்றாய், குறைந்ததாய் இருக்கவேண்டும். சிற்றூர்ப் பொதுவைப்பில் தண்டியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். அலைக்கற்றை வருவாயில் மாநிலங்களுக்கும், கோபுரம் நிற்கும் ஊராட்சிக்கும் பங்கு வேண்டும். நாம் கட்டும் ஒவ்வொரு கட்டணத்துக்கும், அதில் வரி இவ்வளவு என்று தமிழில் குறுஞ்செய்தி வரவேண்டும். வரி குறைந்தால் அக்குறைவு முதலாளியின் பெட்டிக்குள் போய்விடாமல் கட்டணத்தில் தெரிகிறதா என்று ஒழுங்காணையம் பார்க்கவேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை இல்லாமல் முன்னவை பயன்படா. அரசு விட்டதை நிறுவனம் எடுத்துக்கொள்ளும்.

பெருமக்களே! தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்டு முடிச்சிடும் கண்கள் உங்களுடையவை. அந்தக் கண்களை உங்கள் கைப்பேசிக் கணக்கின்மேலும் ஒருமுறை திருப்புங்கள். நாளைக் காலை உங்கள் வீட்டுக் கைப்பேசிகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள், அதில் நூற்றுக்கு 22 எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள், ஊராட்சி மன்றக் கூட்டத்திலும், ஒப்போலை கேட்டு வருவோரிடத்தும் அத்தாளைக் காட்டி, “இதில் எங்கள் ஊருக்கு வந்தது எவ்வளவு?” என்று தமிழில் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.